முதுகும் வயிறும் வகுக்கும் சருக்கரைப் புள்ளிகள்

(அறிவியல் மன்றக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



பழைய ஓலைச்சுவடிகளில் எகரக் குறிலுக்கும் ஏகார நெடிலுக்கும் வரிவடிவம் ஒன்றே. மேலே புள்ளி பெற்றால் குறில், பெறாவிடின் நெடில். தொல்காப்பியத்திலேயே வகுத்துரைக்கப்பெற்ற இம்முறை, 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எழுத்தைத் திருத்தும் வரை நிலைத்திருந்தது. 'எரி' என்று எழுதப் புகுந்த ஒருவர் புள்ளியிட மறந்துவிட்டால், படிப்பவர் 'ஏரி' என்றே படிப்பார். நெருப்பு நீராகிவிடும். எழுத்து மாறவில்லை, எழுத்தின் வரிசையும் மாறவில்லை. மேலே நிற்க வேண்டிய ஒரு சிறு புள்ளி நில்லாமையால் பொருளே தலைகீழாயிற்று.

உயிரின் உடலமைப்பிலும் இத்தகைய புள்ளித்தொழில் ஒன்று நடைபெறுகின்றது. மீனின் கருவில் எப்பக்கம் முதுகு, எப்பக்கம் வயிறு என்று முடிவாகும் வேளையில், உயிரணுக்களின் மேல் நிற்கும் சருக்கரைத் தொடர்களில் எவ்விடத்தில் எப்புள்ளி இடப்பட்டுள்ளது என்பது பெரும்பங்கு கொள்கின்றது. அப்புள்ளிகளை இடுவனவும், திருப்புவனவும், அழிப்பனவும் நொதிகள் ஆகும். செய்தியை எழுதுவது ஒன்று, அதனைப் பெறுமிடத்தைச் செப்பம் செய்வது மற்றொன்று. இரண்டும் கூடினாலன்றி உடல் உருப்பெறாது. இப்பொழிவின் கருத்து இதுவே.

நொதி என்னும் சொல்லை முதலில் தெளிந்து கொள்ளுதல் நன்று. அரைத்து வைத்த மாவு இரவெல்லாம் இருந்து பொங்கிப் புளிப்பதை நொதித்தல் என்பது நம் வழக்கு. செருமானிய அறிஞர் கூனே 1877-ஆம் ஆண்டில் இவ்வகைப் பொருள்களுக்குக் கிரேக்க மொழியினின்று ஒரு பெயர் ஆக்கினார். அதற்கும் 'புளிமாவினுள் உள்ளது' என்பதே பொருள். இரு மொழியும் அடுக்களையில் நின்றே பெயரிட்டன என்க. தான் அழியாமல் நின்று, பிற பொருள்களின் வேதியல் மாற்றத்தை விரைந்து நடத்துவிக்கும் புரதமே நொதி. ஒரு நொதி ஒரு தொழிலையே செய்யும். பூட்டுக்கு ஒரு திறவுகோல் போல.

வரிமீன்

இவ்வுண்மைகளை உலகுக்கு உணர்த்திய உயிர் 4 செ.மீ. நீளமே உள்ள ஒரு சிறு மீன். உடல் நெடுக நீலக் கோடுகள் ஓடுவதால் வரிக்குதிரை மீன் எனப் பெயர் பெற்றது. வரிமீன் எனச் சுருக்கியும் சொல்லலாம். இதன் தாயகம் கங்கையும் அதன் கிளையாறுகளும் பாயும் நிலங்கள். இந்தியா, நேபாளம், வங்காளதேசம் ஆகிய நாடுகளில் மெல்ல ஓடும் ஓடைகளிலும் நெல்வயல்களிலும் இது வாழ்கின்றது. கங்கையாற்று மீன்களைத் தொகுத்து நூல் செய்த பிரான்சிசு ஆமில்டன் என்பார் 1822-ஆம் ஆண்டில் இதனை முதன்முதல் விரித்தெழுதினார்.

கண்ணாடித் தொட்டிகளில் அழகுக்கு வளர்க்கப்பட்ட இம்மீனை ஆய்வகத்திற்கு உரியதாக்கியவர் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சியார்சு இசுட்ரெய்சிங்கர். 1981-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரையே இத்துறையின் கால்கோள் எனலாம். பின்னர்ச் செருமனியின் தியூபிங்கன் நகரில் கிறித்தியானே நூசுலைன்-போலார்டு குழுவினரும், அமெரிக்காவின் பாசுடன் நகரில் வுல்ப்காங்கு திரீவர் குழுவினரும், மரபணு பழுதுபட்ட வரிமீன் வகைகளைப் பெருந்தொகையாகத் தேடித் தொகுத்து 1996-இல் வெளியிட்டனர். நூசுலைன்-போலார்டு அதற்கு முந்திய ஆண்டில்தான் ஈயின் கருவளர்ச்சியை ஆய்ந்தமைக்காக நோபல் பரிசில் பங்கு பெற்றிருந்தார்.

ஏன் இம்மீனைத் தேர்ந்தனர்? கரு தாயின் வயிற்றில் மறைந்து வளர்வதில்லை. நீரில் வெளிப்படையாக வளர்கின்றது. அதுவும் பளிங்கு போல் ஒளி ஊடுருவும் கரு. நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், உயிரணு பிளப்பதையும் பெயர்வதையும் உயிரோடிருக்கும் போதே கண்ணாரக் காணலாம்.

நீரின் வெப்பம் 28.5 பாகையாக இருப்பின், கருவுற்ற 45 மணித்துளிகளில் முதற்பிளவு நிகழும். அதன்பின் 15 மணித்துளிக்கு ஒருமுறை ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பெருகி, 3 மணி நேரத்தில் ஏறத்தாழ 1,000 உயிரணுக்கள் மஞ்சட்கருவின் மேல் குல்லாய் போல் கவிந்திருக்கும். பின்னர் அக்குல்லாய் மெல்ல இறங்கி மஞ்சட்கருவைப் போர்த்தத் தொடங்கும். 6-ஆம் மணியில் விளிம்பின் ஒரு பக்கம் தடித்துக் கேடயம் போல் தோன்றும். 10-ஆம் மணியில் போர்வை முழுமையுறும். 24 மணி நேரத்தில் தலையும் வாலும் கண்ணும் தெரியும், நெஞ்சாங்குலை துடிக்கும். ஒரு பகலும் ஓர் இரவும் கழிவதற்குள் ஓர் உடல்!

இக்கடுவிரைவில் ஒவ்வோர் உயிரணுவும் தன் இடத்தை யாங்ஙனம் அறிகின்றது? அறியாவிடின் முதுகெலும்பு வயிற்றிலும் குருதி தலையிலும் தோன்றிவிடுமன்றோ?

முதுகு எது, வயிறு எது?

இவ்வினாவிற்கு முதல் விடை மீனில் கிடைக்கவில்லை, நீர்ப்பல்லியில் கிடைத்தது. செருமனியின் பிரைபர்க்கு நகரில் ஆன்சு இசுபேமன் என்னும் பேராசிரியரும், அவருடைய மாணவி இல்டே மாங்கோல்டும் ஒரு நீர்ப்பல்லிக் கருவின் மேலுதட்டுப் பகுதியைச் சிறிது கிள்ளியெடுத்து, மற்றொரு கருவின் வயிற்றுப்புறத்தில் ஒட்டினர். ஒட்டப்பெற்ற இடத்தில் இரண்டாவது முதுகு தோன்றியது. இரண்டாவது தலை தோன்றியது. ஒரே உடலில் இரட்டைக் குழந்தை போல் இரு நீர்ப்பல்லிகள் எதிரெதிரே ஒட்டி நின்றன. கிள்ளி வைத்த துண்டு தான் மட்டும் வளரவில்லை. அண்டை அணுக்களையும் 'முதுகாகுக' என்று ஏவிற்று. அக்கட்டுரை 1924-இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே இல்டே மாங்கோல்டு தீயில் சிக்கி இளமையிலேயே மறைந்தார். 1935-இல் இசுபேமனுக்கு நோபல் பரிசு வழங்கப்பெற்றபொழுது, அதற்கு அடிப்படையான கைத்தொழில் செய்த அப்பெண்மகள் உயிரோடில்லை.

மீனின் கருவில் 6-ஆம் மணியில் தடிக்கும் கேடயப் பகுதியே இந்த ஏவல் இடம். அது எவ்வாறு ஏவுகின்றது என்பது பின்னாளில் தெளிவாயிற்று. கருவில் எலும்பாக்கப் புரதம் எனப்படும் செய்திப் புரதங்கள் உள்ளன. எலும்புத் தூளைத் தசையில் வைத்தால் அங்கே புதிய எலும்பு தோன்றுவதை 1965-இல் மார்சல் யூரிசுட்டு என்பார் கண்டறிந்தார். அவ்வழியில் வந்த பெயர் இது. ஆயின் கருவில் இதன் தொழில் வேறு. இச்செய்தி மிகுதியாகக் கேட்கும் இடம் வயிற்றுப்புறம் ஆகும். கேடயப் பகுதி கார்டின் என்னும் மற்றொரு புரதத்தைச் சுரக்கின்றது. கார்டின், எலும்பாக்கப் புரதத்தைப் பற்றிப் பிடித்து அதன் வாயை அடைத்துவிடும். செய்தி கேளாத அந்தப் பக்கம் முதுகாகின்றது. ஒரு பக்கம் பேசுவோன், மறுபக்கம் வாயடைப்போன். இவ்விரண்டின் இழுபறியில் இடைப்பட்ட அணுக்கள் தத்தம் இடத்தை அறிகின்றன.

இதற்குச் சான்று பழுதுபட்ட மீன்களே. கார்டின் மரபணு கெட்ட மீனில் தலை சிறுத்துக் குருதியாகும் பகுதி பெருகிற்று. எலும்பாக்கப் புரதம் கெட்ட மீனில் வயிற்றுப்புறப் பகுதிகள் குன்றி, முதுகுப்புறம் பரந்து, வால் திருகிற்று. 1997-ஆம் ஆண்டளவில் இவ்விரண்டும் உறுதிப்பட்டன. உடலமைப்பின் புதிர் விடுபட்டுவிட்டது என்றே பலரும் எண்ணினர்.

ஆயினும் ஒரு வினா எஞ்சி நின்றது. செய்திப் புரதம் உயிரணுவுக்கு வெளியே நீரில் கரைந்து ஓடுவது. அஃது எங்குத் தங்கும்? எவ்வளவு தொலைவு செல்லும்? யாரால் பிடிக்கப்படும்? ஆற்றில் இட்ட ஓலை தானே கரையேறாது. இங்குத்தான் சருக்கரைத் தொடர் வருகின்றது.

ஈரலின் பெயர் கொண்ட தொடர்

சருக்கரை என்றவுடன் தித்திப்பும் நீரிழிவும் நினைவுக்கு வரும். உயிரணுவோ சருக்கரையை எரிபொருளாக மட்டும் கொள்வதில்லை. கோத்துத் தொடராக்கித் தன் மேனியிலும் அணிந்து கொள்கின்றது. அத்தொடர்களுள் ஒன்று எப்பாரான் சல்பேட்டு. 1916-இல் அமெரிக்க மாணவர் சே மெக்லீன், நாயின் ஈரலை ஆய்ந்தபொழுது குருதி உறையாமல் தடுக்கும் பொருள் ஒன்று தென்பட்டது. 'எப்பார்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு ஈரல் என்று பொருள். ஆதலின் அவ்வழி வந்த மருந்து எப்பாரின் எனப் பெயர் பெற்றது. குருதிக் கட்டியைத் தடுக்க இன்றும் மருத்துவமனைகளில் ஊசிவழி செலுத்தப்படுவது அதுவே. எப்பாரின் பெருங்கந்தகம் ஏற்ற உடன்பிறப்பு. எப்பாரான் சல்பேட்டு ஏறத்தாழ எல்லா உயிரணுக்களின் மேலும் நிற்கும் இளையது.

இதன் அமைப்பு இரண்டிரண்டாகக் கோத்த மணிமாலை போன்றது. ஒரு மணி குளுக்கோசமைன் வகை. அடுத்தது குளுக்குரோனிக்குக் காடி. இவ்விணை 50 முதல் 200 முறை வரை திரும்பத் திரும்ப வரும். மாலையின் ஒரு முனை, உயிரணுவின் மேல்தோலில் ஊன்றி நிற்கும் புரதத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும்.

கோத்த மாலை அவ்வாறே வெளியே வருவதில்லை. உயிரணுவின் உள்ளே கோல்கி உறுப்பு என்னும் பட்டறையில் நொதிகள் அதன்மேல் வரிசையாகத் தொழில் செய்கின்றன. முதல் நொதி சில குளுக்கோசமைன் மணிகளில் உள்ள அசிட்டைல் கூற்றைக் கழித்துவிட்டுக் கந்தகக் கூற்றை ஏற்றும். அடுத்த நொதி, அதன் அருகிலுள்ள குளுக்குரோனிக்குக் காடியை இடுரோனிக்குக் காடியாகத் திருப்பும். அதன்பின் இரண்டாம் இடத்திலும், ஆறாம் இடத்திலும், அருகலாக மூன்றாம் இடத்திலும் கந்தகப் புள்ளிகளை இடும் நொதிகள் வரும். மாந்தனுக்கு முதல்வகை நொதி 4, திருப்பும் நொதி 1, இரண்டாம் இடத்திற்கு 1, ஆறாம் இடத்திற்கு 3, மூன்றாம் இடத்திற்கு 7 என அமைந்துள்ளன. மாலை வெளியே வந்தபின் ஆறாம் இடத்துப் புள்ளியை அழிக்கும் நொதிகளும் 2 உண்டு.

இவற்றுள் திருப்பும் நொதியின் தொழில் மிக நுட்பமானது. அஃது எதனையும் ஏற்றுவதில்லை, எதனையும் கழிப்பதுமில்லை. ஐந்தாம் கரி அணுவில் ஒட்டியுள்ள ஒரு நீரக அணுவை ஒரு பக்கத்தில் எடுத்து, மறுபக்கத்தில் நீரகம் ஒன்றை வைக்கின்றது. அவ்வளவே. எடையில் மாற்றமில்லை; கூட்டுப்பொருளின் எண்ணிக்கையில் மாற்றமில்லை. ஆயின் அவ்வளையத்தின் கை மேல்நோக்கி நின்றது கீழ்நோக்கித் திரும்பிவிட்டது. விறைத்து நின்ற மணி வளைந்து கொடுக்கும் மணியாயிற்று. வளைந்து கொடுக்கும் மாலையே செய்திப் புரதங்களின் மேடுபள்ளங்களுக்கு ஏற்ப அணைந்து அவற்றைப் பிடிக்கவல்லது.

புள்ளியின் ஆற்றலுக்கு எப்பாரின் மருந்தே நல்ல எடுத்துக்காட்டு. குருதி உறைவைத் தடுக்கும் புரதத்தை அது பற்றும் இடம் 5 மணிகள் கொண்ட ஒரு துண்டு. அதன் நடுமணியில் மூன்றாம் இடத்துக் கந்தகப் புள்ளி இல்லையாயின், அப்பற்றுதல் பெரிதும் குன்றிவிடும்.

இங்கு ஒன்று கருதத்தக்கது. புரதம், மரபணு என்னும் மூலப்படியைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து படியெடுக்கப்படுவது. சருக்கரை மாலைக்கு அத்தகைய மூலப்படி இல்லை. எந்நொதி எவ்வளவு இருக்கின்றது, எது முன்னே வந்தது, எது பின்னே வந்தது என்பனவற்றைப் பொறுத்தே புள்ளிகள் அமைகின்றன. நொதிகளை ஆக்குவன மரபணுக்களே. ஆனால் மாலையில் புள்ளி விழும் இடத்தை எந்த மரபணுவும் நேரே எழுதி வைத்திருக்கவில்லை.

திருப்பும் நொதியைக் குறைத்தால்?

2005-ஆம் ஆண்டில் கிசெல்லி, பார்பர் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர் இத்திருப்பும் நொதியை வரிமீனில் ஆய்ந்தனர். மாந்தனில் ஒன்றாக உள்ள இந்நொதி மரபணு, வரிமீனில் இரண்டாக உள்ளது. அவை இரண்டின் செய்தியிழைகளும் கருவுற்ற முட்டையில் முதற்பொழுதிலேயே காணப்பட்டன. இது வியப்புக்குரியது, ஏனெனில் கருவின் சொந்த மரபணுக்கள் ஏறத்தாழ 3-ஆம் மணி வரை முழுமையாக விழிப்பதில்லை. அதுவரை கரு வாழ்வது தாய் முட்டையில் வைத்தனுப்பிய பொருளைக் கொண்டே. மணமாகிச் செல்லும் மகளுக்குத் தாய்வீட்டுச் சீர் போல, இந்நொதிக்குரிய செய்தியையும் தாய்மீன் கட்டிக் கொடுத்தனுப்புகின்றது.

அவ்விழைகளின் செயலைத் தடுக்கும் செயற்கை இழையைக் கருவினுள் செலுத்தி நொதியைக் குறைத்தனர். கரு முதுகுப்பாங்கு மிகுந்து வளர்ந்தது. மாறாக, நொதியைக் கூட்டினர். கரு வயிற்றுப்பாங்கு மிகுந்தது. ஒரு நீரக அணுவை இப்பக்கமிருந்து அப்பக்கம் மாற்றும் தொழில் குறைந்தாலும் கூடினாலும், முதுகுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள எல்லைக்கோடே இடம்பெயர்கின்றது!

கரணியம் யாது? எலும்பாக்கப் புரதம் எப்பாரான் சல்பேட்டில் தங்கவல்லது. அதன் வாயை அடைக்கும் கார்டினும் அதில் தங்கவல்லது. மாலை வளைந்து கொடுப்பதாக இருந்தால் வயிற்றுச் செய்தி நன்கு பிடிக்கப்பட்டு உயிரணுவின் செவியில் விழும். விறைப்பாக இருந்தால் செய்தி நழுவும். பேசுவோன் குரல் குறையவில்லை. கேட்போன் காதில் விழவில்லை. செய்தி அனுப்பப்பட்டதா என்று மட்டும் கேட்பது போதாது. செய்தி நிற்க ஓர் இடம் இருந்ததா என்றும் கேட்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

பிற புள்ளிகளின் வேலை

ஆறாம் இடத்துப் புள்ளியிடும் நொதியைக் குறைத்தபொழுது வரிமீன் கருவின் தசை வளர்ச்சி கெட்டதை 2003-ஆம் ஆண்டின் ஆய்வு காட்டிற்று. இரண்டாம் இடத்து நொதியைக் குறைத்தபொழுது குல்லாய் போன்ற அணுக்கூட்டம் மஞ்சட்கருவின் மேல் இறங்காமல் நின்றுவிட்டதை 2012-ஆம் ஆண்டின் ஆய்வு காட்டிற்று. அணுக்கள் ஒன்றையொன்று பற்றிக் கொள்ளும் பிடிப்பே அங்குத் தளர்ந்துவிட்டது.

வலம் இடம் வகுக்கும் முறையும் இத்தகையதே. நெஞ்சாங்குலை ஏன் இடப்பக்கம் சாய்கின்றது? வரிமீன் கருவின் வாலருகே நீர் நிறைந்த நுண்ணிய குமிழ் ஒன்று சில மணி நேரம் தோன்றி மறைகின்றது. 19-ஆம் நூற்றாண்டில் இதனைக் கண்ட செருமானிய அறிஞர் கூப்பர் பெயரால் இது வழங்குகின்றது. அக்குமிழின் உட்புறத்து மயிரிழைகள் சுழன்று நீரை ஒரு பக்கமாகத் தள்ளுகின்றன. அவ்வோட்டமே வலத்தையும் இடத்தையும் கருவுக்கு உணர்த்துகின்றது. 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வில், மூன்றாம் இடத்துப் புள்ளியிடும் நொதிகளுள் ஒன்றைக் குறைத்தபொழுது மயிரிழை குட்டையாயிற்று. மற்றொன்றைக் குறைத்தபொழுது நீளம் குறையாமலே அசைவு கெட்டது. ஒரே இடத்தில் ஒரே புள்ளியை இடும் இரண்டு நொதிகள்; ஆயின் ஒன்று நீளத்தைக் காக்கின்றது, மற்றொன்று அசைவைக் காக்கின்றது. புள்ளி ஒன்றே ஆயினும், மாலையில் அஃது எங்கே விழுகின்றது என்பதில்தான் பொருள் வேறுபடுகின்றது. அவ்வகுப்பைச் சார்ந்த மற்றுமொரு நொதியைக் குறைத்தபொழுது, நெஞ்சாங்குலை உருவாகியும் துடிப்புக் கெட்டதை அதே ஆண்டில் வேறோர் ஆய்வு வெளிப்படுத்திற்று. அங்கும் எலும்பாக்கப் புரதத்தின் செய்தி தன் எல்லையை மீறிப் பரவியதே கேட்டிற்குக் கரணியம்.

ஐயமும் தெளிவும்

அறிவியல் நெறியில் ஐயம் குற்றமன்று, ஐயுறாமையே குற்றம். மேற்சொன்ன ஆய்வுகள் பலவும் செயற்கை இழையைச் செலுத்தி நொதியைக் குறைத்து நடத்தப்பட்டவை. அவ்விழை வேண்டாத இடத்திலும் போய் ஒட்டிக் கேடு செய்யக்கூடும். 2015-ஆம் ஆண்டில் இவ்வாறு குறைக்கப்பட்ட கருக்களையும், அதே மரபணு அடியோடு அழிக்கப்பட்ட மீன்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபொழுது, முன்னவற்றில் கண்ட குறைகள் பல பின்னவற்றில் காணப்படவில்லை. ஓரிடத்தில் இழையே தவறு செய்திருந்தது. மற்றோரிடத்தில், மரபணு கெட்ட மீன் வேறொரு மரபணுவை எழுப்பித் தன் குறையைத் தானே நிரப்பிக் கொண்டது. ஆதலின் ஒற்றை ஆய்வைக் கொண்டு முடிவு கட்டாமல், பல வழியில் வந்த சான்றுகளைச் சீர்தூக்கியே கொள்ள வேண்டும்.

அவ்வாறு சீர்தூக்கினும் சருக்கரை மாலையின் பங்கு வலிவுறவே செய்கின்றது. மாலையைக் கோக்கும் நொதியின் மரபணுவே கெட்ட வரிமீன் ஒன்று 1996-ஆம் ஆண்டுத் தொகுப்பில் இருந்தது. அதன் பக்கத் துடுப்புகள் குட்டையாக இருந்தமையால், குறுங்கால் நாயினத்தின் செருமானியப் பெயரை அதற்கு இட்டிருந்தனர். அம்மீனின் தொடக்கக் கருவளர்ச்சி பெரும்பாலும் செம்மையாகவே நடந்தேறியது. பின்னர்த்தான் துடுப்பும், கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பின் ஒழுங்கும், குருத்தெலும்பின் அடுக்கும் கெட்டன. தொடக்கத்தில் ஏன் கெடவில்லை? தாய்வீட்டுச் சீர் கைகொடுத்தது. சீர் தீர்ந்த பின்னரே வறுமை வெளிப்பட்டது. சுண்டெலியில் திருப்பும் நொதியின் மரபணுவை அழித்த ஆய்வும் 2003-இல் வெளிவந்தது. அக்குட்டிகள் சிறுநீரகம் இல்லாமலும், நுரையீரலும் எலும்பும் குறைபட்டும் பிறந்து உடனே மடிந்தன. அங்கே செயற்கை இழை எதுவும் இல்லை; ஐயத்திற்கு இடமும் இல்லை.

மீனினின்று மாந்தனுக்கு

ஒரு சிறு மீனின் முதுகும் வயிறும் நமக்கு என்ன பயன் தரும் என்று கேட்போர் உண்டு. குறுந்துடுப்பு மீனில் கெட்டிருந்த அதே மரபணு மாந்தனிலும் உண்டு. அதுவோ, அதன் இணை மரபணுவோ ஒரு படி கெட்டிருந்தால், குழந்தையின் எலும்பு முனைகளில் குருத்தெலும்பு மூடிய முடிச்சுகள் பல தோன்றுகின்றன. ஏறத்தாழ 50,000 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாகக் கணக்கிடப்படுகின்றது. பெற்றோருள் ஒருவருக்கு இருப்பின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. கை வளைந்தும், உயரம் குன்றியும், முடிச்சு நரம்பை அழுத்தியும் அக்குழந்தைகள் துன்புறுகின்றனர். எலும்பில் விளைந்த நோய். ஆயின் வேர் சருக்கரை மாலையில்.

மாலையைக் கோப்பது மட்டுமன்று, பழைய மாலையைச் சிதைப்பதும் நொதிகளின் கடமை. இடுரோனிக்குக் காடியின் மேலுள்ள கந்தகப் புள்ளியை எடுக்கும் நொதி இல்லாத குழந்தைகளைச் சார்லசு அண்டர் என்னும் மருத்துவர் 1917-இல் விரித்தெழுதினார். அக்காடி மணியையே கழற்றும் நொதி இல்லாத குழந்தைகளைக் கெர்த்துரூடு ஊர்லர் என்னும் மருத்துவப் பெண்மணி 1919-இல் விரித்தெழுதினார். சிதையாத மாலைகள் உயிரணுக்களில் தேங்கித் தேங்கி, ஈரலும் மண்ணீரலும் வீங்கி, எலும்பு கோணி, நெஞ்சாங்குலை தளர்கின்றது. அந்நொதிகளை ஆய்வகத்தில் ஆக்கி ஊசிவழி செலுத்தும் மருத்துவம், ஊர்லர் நோய்க்கு 2003-இலும், அண்டர் நோய்க்கு 2006-இலும் அமெரிக்காவில் இசைவு பெற்றது. அம்மருந்து மூளைக்குள் எளிதில் புகுவதில்லை என்னும் குறை உண்டு. எனினும், ஒரு காலத்தில் பெயர் கூட இன்றி மறைந்த குழந்தைகளுக்கு, நோயின் பெயரும் மருந்தின் வழியும் கிடைத்துள்ளன.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்குமிடத்து, 'எல்லாம் பிறப்பிலேயே எழுதப்பட்டுவிட்டது' என்று பலர் சொல்லும் சொல்லின் குறைபாடு விளங்கும். எழுதப்பட்டது உண்மைதான். ஆனால் எழுதியது ஒரு கை. புள்ளியிட்டது வேறு கை. படித்தது மற்றொரு கண். மரபணு எழுத்தைத் தருகின்றது. நொதி புள்ளியை இடுகின்றது. சருக்கரை மாலை செய்தியைத் தாங்கி நிற்கின்றது. தாய் வைத்தனுப்பிய சீர் முதல் மூன்று மணி நேரத்தைக் காக்கின்றது. இவற்றுள் எது ஒன்று பிழைபட்டாலும் உடல் பிழைபடும்.

மாணவச் செல்வங்களே! ஏட்டில் ஒரு புள்ளி விடுபட்டால் 'எரி' 'ஏரி'யாகும். உங்கள் ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்துக் காட்டுவார். நீங்களும் திருத்திக் கொள்வீர்கள். உடலில் புள்ளி விடுபட்ட குழந்தைக்குத் திருத்திக் கொடுக்க ஆள் வேண்டும். அந்த ஆள் நாளை உங்களுள் ஒருவராக இருத்தல் கூடும். கங்கையின் கிளையோடைகளில் பிறந்த ஒரு சிறு மீனைக் குனிந்து நோக்கியவர்களே இவ்வளவு உண்மையையும் கண்டனர். சிறியது என்று எதனையும் தள்ளாமல் உற்றுநோக்குக. கண்டதை ஐயுற்று ஆராய்க. தெளிந்ததை நேரிய தமிழில் பிறர்க்கும் உரைக்க.